அந்த ஜனங்களே அப்படித்தான்!

என்னுடைய கதை ஒன்றைப் படித்துவிட்டு ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பாராட்டி எழுதிய கடிதம் அல்ல. பாராட்டுக் கடிதங்கள் வந்தால் நான் இரண்டு மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டு எங்கேயாவது வைத்து மறந்துவிடுவது வழக்கம். இந்தக் கடிதத்தை ஒரே தடவைதான் படித்தேன். ஆனால் ஒரு மாத காலம் அது என்னை விடவில்லை.

கதை இதுதான். தூத்துக்குடிக்காரன் ஒருவன் சரக்குக் கப்பலில் இன்ஜினீயராக இருக்கிறான். கப்பல் ஸ்பெயின் தேசத்தில் வாலென்சியா துறைமுகத்தில் நான்கு நாள் நிற்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் அழைக்கிறார்களே என்று அவனும் காளைப்போர் பார்க்கப் போகிறான். மூன்றாவது காளை விழுந்ததும் எழுந்து வெளியே வந்துவிடுகிறான். துறைமுகத்துக்கு நடந்து திரும்புகிற வழியில் தாத்தா வீட்டு உழவு மாடு அவனுக்கு ஞாபகம் வருகிறது. அந்த இடத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்: ‘இரத்தத்தைப் பார்த்தால்தான் அவர்களுக்குப் பொழுது போகும். அந்த ஜனங்களே அப்படித்தான்!’

வாசகி வாலென்சியாவிலேயே எட்டு வருஷமாகக் குடியிருக்கிறவர். அவர் எழுதியிருந்ததன் சாரம் வருமாறு:

“காளையைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஆனால் ஒரு கஷ்டம். என் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். 75 வயது. ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதத் திருவிழாவில் காளைப்போர் நடக்கும்போது அரங்கத்துக்கு எதிரே கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். உங்கள் கதையை அவருக்கு அவர் பாஷையில் சொல்லிக்கொண்டே வந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். அந்த வாக்கியத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். அதை நான் அவரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்களே தயவுசெய்து எழுதுங்கள்.”

கடிதத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுத்தாளனுக்கு இப்படிப்பட்ட சமயங்களில் உடனே கைகொடுக்கிற சமாதானம் ஒன்று உண்டு. ‘அது பாத்திரத்தின் அபிப்பிராயம், ஆசிரியரின் அபிப்பிராயம் அல்ல’ என்பது. அப்படித்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கதையை எடுத்துப் பார்த்தேன். வாக்கியம் இன்ஜினீயரின் வாயிலும் இல்லை, மனசிலும் இல்லை. கதை சொல்லுகிறவனாகிய நான் சொல்லியிருந்தேன். தப்பித்துக்கொள்ள வழியில்லை.

எனக்குக் கோபம் இல்லாமல் அந்த வாக்கியம் வந்துவிடவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்று இன்றைக்கும் சொல்லுவேன். ஸ்பெயினின் அரங்கத்துக்குள் நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம். அழகான உடுப்பு, வாத்தியம், சிவப்புத் துணி இவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுக் காளைக்கு என்ன செய்கிறார்கள் என்பதை மாத்திரம் கவனிப்போம்.

ஒரு மாலைக்கு வழக்கமாக ஆறு காளைகள், மூன்று மட்டடோர்கள். காளைக்கு நான்கு அல்லது ஐந்து வயது. 500 கிலோ எடை. முதல் கட்டத்தில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் பிகடோர் ஈட்டியால் காளையின் பிடரித் திமிலில் குத்துகிறான். இது வேடிக்கைக்காகச் செய்வது அல்ல. கணக்குப் போட்டுச் செய்வது. பிடரித் தசை கிழிந்தால்தான் காளையின் தலை தாழும். தலை தாழ்ந்தால்தான் பிறகு வாளோடு வருகிறவன் கொம்புகளுக்குமேல் குனிந்து குத்த முடியும். இரண்டாவது கட்டத்தில் முள்முனை வைத்த, வர்ணக் காகிதம் சுற்றிய குச்சிகளை ஜோடி ஜோடியாக அதே இடத்தில் சொருகுகிறார்கள். மூன்றாவது கட்டத்தில் மட்டடோர் துணியைக் காட்டிக் காளையை ஓடவிட்டு, கடைசியில் தோள்பட்டைகளுக்கு நடுவே வாளைச் செலுத்துகிறான். முதல் குத்திலேயே காளை செத்துவிட்டால் அதிருஷ்டம். பல தடவை அப்படி நடப்பதில்லை. வாள் எலும்பில் பட்டுத் திரும்பும். மறுபடியும் குத்துவான். விழுந்த பிறகு ஒருவன் வந்து பிடரியில் கத்தியை இறக்குவான். ஜனங்கள் வெள்ளைக் கைக்குட்டைகளை வீசினால் வென்றவனுக்குக் காளையின் காது பரிசு. உடலைக் கோவேறு கழுதைகள் இழுத்துக்கொண்டு போகும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 20 நிமிஷம். பிறகு அடுத்த காளை.

பிகடோரின் குதிரைகளுக்கு இன்று கனமான மெத்தை போன்ற கவசம் கட்டுகிறார்கள். அது கட்டாயமானது 1928ஆம் வருஷத்தில்தான். அதற்கு முன் எத்தனையோ குதிரைகள் குடல் சரிந்து அந்த மணலிலேயே செத்தன.

இதைக் கொடுமை என்று சொல்லக் கூசுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய வாதங்களில் இரண்டு யோசிக்கத்தக்கவை. ஒன்று, இது கலை. வழிவழி வந்த மரபு. வெளியே இருக்கிறவனுக்கு என்ன தெரியும் என்பது. இரண்டாவது, அந்தக் காளை நான்கு வருஷம் ஓக் மரங்கள் நிற்கும் பரந்த மேய்ச்சல் நிலத்தில் ராஜாவைப்போல் வாழ்கிறது, கொட்டகையில் பிறந்து கொட்டகையிலேயே வளர்ந்து வெட்டப்படுகிற மாட்டைவிட அதன் கதி மேல் என்பது.

இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. மாமிசத்துக்காக நெருக்கி அடைத்து வளர்க்கப்படும் மிருகங்களின் நிலையைப் பற்றி நாம் எல்லோரும் வெட்கப்படவேண்டியதுதான். ஆனால் அங்கே ஒரு கொடுமை நடக்கிறது என்பதற்காக இங்கே நடப்பது கொடுமை இல்லை என்று ஆகிவிடுமா? நான்கு வருஷம் சோறு போட்டு வளர்த்தவனுக்குக் கடைசி 20 நிமிஷம் என்ன வேண்டுமானாலும் செய்ய அதிகாரம் உண்டு என்றால், அந்த நியாயம் எங்கே போய் நிற்கும்? முதல் வாதத்துக்குப் பதில் இன்னும் சுருக்கம். மட்டடோரிடம் கலை இருக்கலாம். ஆனால் நோவு காளைக்கு. அந்த நோவு கலை அல்ல.

ஆகவே செயலைக் கண்டிப்பதில் எனக்குத் தயக்கம் கிடையாது. அயல் தேசத்தில் நடப்பதைப் பற்றிப் பேச நமக்கு என்ன பாத்தியதை என்று கேட்பதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. வலிக்குத் தேச எல்லை இல்லை. கண்டிக்கிற வாய்க்கு மட்டும் ஏன் இருக்கவேண்டும்?

நான் தடுக்கி விழுந்தது அடுத்த படியில்தான். ‘இது கொடுமை’ என்று சொன்ன நான், அதே மூச்சில் ‘அந்த ஜனங்களே அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டேன். முதலாவதற்கு என்னிடம் சாட்சி இருந்தது. இரண்டாவதற்கு என்ன சாட்சி? வாசகியின் கடிதத்துக்குப் பிறகு தேடிப் பார்த்தேன். கிடைத்த சாட்சி முழுவதும் எனக்கு எதிராக இருந்தது.

போப் ஐந்தாம் பயஸ் 1567ஆம் வருஷத்திலேயே காளைப்போரைத் தடைசெய்து, அதை அனுமதிக்கும் அரசர்களை மதத்திலிருந்து விலக்குவதாக ஆணை பிறப்பித்தார். அவர் இத்தாலியர், விட்டுவிடுவோம். ஸ்பெயினின் சொந்தப் பிள்ளைகளையே பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கஸ்பார் மெல்சோர் தெ ஹோவெல்யானோஸ் என்ற ஸ்பானிய அறிஞர், தம் நாட்டுப் பொது விளையாட்டுகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். காளைப்போரைத் ‘தேசிய விளையாட்டு’ என்று அழைப்பதை அவர் மறுத்தார். இந்த நாட்டு ஜனங்களில் நூற்றில் ஒருவர்கூட வாழ்நாளில் இதைப் பார்த்திருக்க மாட்டார்களே, இதற்கு எப்படித் தேசத்தின் பெயரை வைக்கலாம் என்பது அவர் கேள்வியின் சாரம். இருநூறு வருஷங்களுக்கு முன்பே அவர் எனக்குப் பதில் எழுதி வைத்துவிட்டார் என்று தோன்றியது! 1805ல் அரசர் நான்காம் கார்லோஸ் காளைகளைக் கொல்லும் போர்களைத் தடைசெய்தார். தடை நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எழுத்தாளர்களுக்கு வருவோம். வாலென்சியாவிலேயே பிறந்தவர் விசென்டே பிளாஸ்கோ இபான்யெஸ். 1908ல் அவர் எழுதிய ‘இரத்தமும் மணலும்’ என்ற நாவல் ஹாலிவுட்டில் படங்களாக வந்ததால் உலகம் முழுவதும் தெரிந்தது. செவில் நகரத்து ஏழைப் பையன் ஒருவன் மட்டடோர் ஆகிறான். பணமும் புகழும் வருகின்றன. பிறகு கொம்பில் பட்டுத் தைரியம் போய், கடைசியில் அரங்கத்திலேயே சாகிறான். அவன் கூட்டத்தில் ஒருவன், காளையைக் குத்திப் பிழைக்கிறவனே, ஜனங்களுக்குப் படிப்பில்லாததுதான் இதற்கெல்லாம் காரணம் என்று புலம்பிக்கொண்டே இருக்கிறான். முடிவில் நாயகன் உள்ளே கிடக்கிறான். வெளியே ஆட்டம் நிற்கவில்லை. ஜனங்களின் இரைச்சல் கேட்கிறது. நிஜமான மிருகம் எது என்று ஆசிரியர் அப்போது அந்த இரைச்சலின் பக்கம் விரலை நீட்டுகிறார்.

‘அவரும் ஜனங்களைத்தானே மிருகம் என்கிறார், நீ சொன்னதும் அதுதானே?’ என்று கேட்கலாம். நானும் ஒரு நாள் முழுவதும் அப்படிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. அவர் விரல் நீட்டியது டிக்கெட் வாங்கி அந்த மாலை அங்கே உட்கார்ந்திருந்த கூட்டத்தை. நான் விரல் நீட்டியது அந்த மாலை வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவனையும், தொட்டிலில் கிடந்த குழந்தையையும் சேர்த்து. அவர் ஸ்பானிய மொழியில், அந்தக் கூட்டம் படிக்கும்படி எழுதினார். நான் தமிழில், அவர்களில் ஒருவர்கூடப் படிக்கமாட்டார்கள் என்ற நிம்மதியில் எழுதினேன்.

அவர் காலத்திலேயே ஏவுஹேனியோ நொயெல் என்ற இன்னொரு எழுத்தாளர் ஊர் ஊராகப் போய்க் காளைப்போருக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். ஏச்சும் அடியும் வாங்கினார். 1936ல் வறுமையில் இறந்தார். அவரை வைதவர்களும் ஸ்பானியர், அவரும் ஸ்பானியர். ‘அந்த ஜனங்கள்’ என்ற என் மூட்டையில் அவரை எங்கே வைப்பது?

இன்றைய கணக்கும் ஹோவெல்யானோஸ் பக்கமே இருக்கிறது. ஸ்பெயினின் கலாசார அமைச்சகம் 2018-19ல் எடுத்த கணக்குப்படி, அந்த ஒரு வருஷத்தில் காளை சம்பந்தமான நிகழ்ச்சி ஏதாவது ஒன்றுக்குப் போனவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். மீதி 92 பேர் போகவில்லை. கானரித் தீவுகள் 1991லேயே காளைப்போரை நிறுத்திவிட்டன. தோர்தெசில்யாஸ் என்ற ஊரில், ஈட்டிக்காரர்கள் கூட்டமாகக் காளையைத் துரத்திக்கொண்டு போய் ஆற்றுக்கு அக்கரையில் குத்திக் கொல்லும் திருவிழா இருந்தது. 2016ல் அந்தப் பிரதேச அரசாங்கம் பொது இடத்தில் காளையைக் கொல்லக்கூடாது என்று சட்டம் போட்டது. வருஷா வருஷம் அந்த ஊருக்குப் போய் எதிர்த்துக் குரல் கொடுத்த ஸ்பானியர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஸ்பானிய மொழி பேசும் கொலம்பியாவின் நாடாளுமன்றம், 2027 முதல் காளைப்போர் கூடாது என்று 2024ல் முடிவு செய்தது. வெளிநாட்டுக்காரன் வைததால் நடந்தவை அல்ல இவை. உள்ளே இருந்தவர்கள் செய்தார்கள்.

‘ஒரு ஜாதி ஜனங்களின் இரத்தத்தில் ஊறியது’ என்று பேசுகிறவர்கள் இங்கிலாந்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். காளையைக் கட்டிவைத்து நாய்களை ஏவிக் கடிக்கவிடுவது ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களுடைய கொண்டாட்டம். அதைத் தடுக்க 1800ல் வந்த மசோதா அவர்களுடைய பார்லிமெண்டில் தோற்றுப்போயிற்று. ஏழைகளின் விளையாட்டைப் பிடுங்குவதா, மரபை அழிப்பதா என்று அங்கேயும் வாதாடினார்கள். 1822ல் கால்நடைகளுக்கான முதல் சட்டம் வந்தது. 1835ல் அந்த விளையாட்டே தடைசெய்யப்பட்டது. முப்பத்தைந்து வருஷத்துக்குள் ஆங்கிலேயரின் இரத்தம் மாறிவிட்டதா என்ன? இரத்தம் மாறவில்லை, சிலர் விடாமல் பேசினார்கள், சட்டம் மாறிற்று, பிறகு வழக்கம் மாறிற்று. அதற்குப் பிறகு ஸ்பெயினுக்குப் போன ஆங்கிலேய யாத்ரிகர்கள் காளைப்போரைப் பார்த்து ‘எவ்வளவு காட்டுமிராண்டி ஜனங்கள்!’ என்று எழுதிவிட்டு, ஊர் திரும்பி நாய்களோடு நரி வேட்டைக்குப் போனார்கள். நாய்களை ஏவி நரியைக் கொல்லும் வேட்டை அங்கே சட்டப்படி நின்றது 2005ல்தான்.

இகழ்கிறவன் மாத்திரம் இந்தத் தப்பைச் செய்கிறான் என்று நினைக்கவேண்டாம். புகழ்கிறவனும் செய்கிறான். ஹெமிங்வே 1932ல் எழுதிய ‘டெத் இன் தி ஆப்டர்நூன்’ காளைப்போரைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த புத்தகங்களிலேயே பேர்பெற்றது. ஈட்டியின் முனையிலிருந்து துணியின் மடிப்புவரை அவருக்குத் தெரியாதது இல்லை. அந்த விவரங்களுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் குதிரைகளின் சாவு அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அதில் கேலிக்கூத்தின் சாயலைக்கூடக் காண்கிறார். சங்கடமான கேள்விகளைக் கேட்பதற்கென்றே ஒரு முதிய மாதைப் புத்தகத்துக்குள் கொண்டுவருகிறார். பிறகு நடுவிலேயே அவளை வெளியே அனுப்பியும் விடுகிறார். காஸ்டீல் பிரதேசத்து ஜனங்களுக்கு மரணத்தின்மேல் ஒரு தனி நாட்டம் உண்டு என்றும், அதனால்தான் இந்தக் கலை அங்கே வேர்விட்டது என்றும் அவர் சொல்லும்போது, நான் வெறுப்பில் எழுதிய வாக்கியத்தை அவர் வியப்பில் எழுதியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. ‘அந்த ஜனங்களே அப்படித்தான்!’ இரண்டு பேரும் சொல்லியாகிவிட்டது, குரல்தான் வேறு. அவர் வெளியே அனுப்பிய அந்த மாது எங்கே போயிருப்பாள்? வாலென்சியாவில் அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

‘ஒரு வாக்கியத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? கோபத்தில் நாலு வார்த்தை கூடத்தான் வரும்’ என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். நானும் அப்படி நினைத்திருப்பேன். ஆனால் இந்த வாக்கியம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குச் சரித்திரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. அதை நினைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1933 ஏப்ரலில், மயக்கமடையச் செய்யாமல் மிருகங்களை அறுக்கக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. அதே வருஷம் நவம்பரில் விரிவான மிருகப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. தனியே படித்தால் நல்ல சட்டங்கள் என்றே தோன்றும். மயக்காமல் அறுப்பது சரியா என்ற கேள்வியும் நியாயமான கேள்விதான். இன்றும் பல தேசங்களில் நல்லவர்கள் கேட்கிறார்கள். ஆனால் அந்த அரசாங்கம் அந்தக் கேள்வியை யூதர்களின் அறுப்பு முறையைக் குறிவைத்தே எழுப்பியது. 1940ல் ‘நித்திய யூதன்’ என்ற பிரசாரப் படத்தை வெளியிட்டார்கள். அதன் கடைசிப் பகுதியில் மாடுகள் அறுக்கப்படும் காட்சியை நீளமாகக் காட்டுகிறார்கள். பார்க்கிறவர்கள் மாட்டுக்காக மனம் பதைக்கிற அந்த நேரத்தில், யூத இனத்துக்கே அழிவு வரும் என்று ஹிட்லர் மிரட்டிய பேச்சைத் திரையில் கொண்டுவருகிறார்கள். மாட்டின்மேல் எழுந்த இரக்கத்தையே மனிதர்களைக் கொல்வதற்குப் படிக்கல்லாகப் போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை உலகம் அறியும்.

என் சிறுகதையின் வாக்கியத்தை அந்தப் படத்தோடு ஒன்றாக வைக்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். இரண்டும் ஒரே பாதையில் இருக்கின்றன என்று மாத்திரம் சொல்கிறேன். ஒன்று பாதையின் முதல் அடி. மற்றது கடைசி அடி. பாதை என்ன? ஒரு மிருகத்தின் வேதனையைக் காட்டி, அதற்குக் காரணமான செயலைச் சொல்லாமல், பிறப்பைச் சொல்வது.

மனிதர்களுக்கு இழைக்கும் அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் பேச்சால் மிருகத்துக்காவது லாபம் உண்டா? அதுவும் இல்லை. காடலோனியாவில் நடந்ததைப் பாருங்கள். 180,000 பேர் கையெழுத்திட்ட மனுவின்மேல் 2010 ஜூலையில் காடலோனிய மன்றம் காளைப்போரைத் தடைசெய்தது. 68 வாக்கு ஆதரவு, 55 எதிர்ப்பு. மனுவில் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் காளைக்காகவே இட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனால் விவாதம் முற்ற முற்ற, ‘இது ஸ்பானியர்களுடைய பழக்கம், எங்களுடையது அல்ல’ என்று ஒரு பக்கமும், ‘இது ஸ்பெயினை அவமதிப்பது’ என்று இன்னொரு பக்கமும் கிளம்பிவிட்டார்கள். காளை கொடியாகிவிட்டது. அதே மன்றம் அதே வருஷம் செப்டம்பரில் வேறொரு சட்டம் செய்தது. காடலோனியாவின் தென்பகுதிக் கிராமங்களில் காளையின் கொம்புகளில் தீப்பந்தம் கட்டித் தெருவில் ஓடவிடும் வழக்கம் உண்டு. அது தங்களுடைய மரபு என்று அதற்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள்! அந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 2013ல் ஸ்பெயின் நாடாளுமன்றம் காளைப்போரைத் தேசத்தின் கலாசாரச் சொத்து என்று சட்டம் இயற்றியது. 2016ல் அரசியல் சாசன நீதிமன்றம் காடலோனியாவின் தடையை ரத்து செய்தது. பார்சிலோனாவின் பெரிய அரங்கத்தில் 2011 செப்டம்பர் 25ஆம் தேதி நடந்ததே கடைசிக் காளைப்போர். தீர்ப்புக்குப் பிறகும் அது அங்கே திரும்பவில்லை. ஆனால் கொம்பில் தீ எரியும் காளைக்கு இதிலெல்லாம் என்ன ஆறுதல்?

நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. 2014ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததும், 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் கூடியதும், சட்டம் திருத்தப்பட்டதும், 2023ல் அந்தத் திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. ஸ்பெயினில் நடப்பதுபோல் நம் வாடிவாசலில் காளையைக் கொல்வதில்லை. இரண்டும் ஒன்று என்று சொல்கிறவர்கள் விவரம் தெரியாமல் சொல்கிறார்கள். ஆனால் அந்த நாட்களில் ‘தமிழர்கள் கொடூரமானவர்கள்’ என்று வெளியிலிருந்து யாராவது எழுதியபோது நமக்கு எப்படிச் சுட்டது! சுட்டதும் நாம் என்ன செய்தோம்? வாலை முறுக்குவதைப் பற்றியும், காளைக்குச் சாராயம் கொடுப்பதைப் பற்றியும் நம்மவரே ஒருவர் கேட்டால்கூட, ‘நீ தமிழனா?’ என்று திருப்பிக் கேட்டோம். வெளியிலிருந்து வந்த வசவு, உள்ளே இருந்த கேள்வியின் வாயை அடைத்துவிட்டது. வாலென்சியாப் பாட்டியின் வாயை என் வாக்கியமும் அப்படித்தானே அடைக்கும்? ‘பார், அயல்நாட்டான் நம்மை எப்படி எழுதுகிறான், நீ அவனோடு சேர்ந்து நிற்கிறாயா?’ என்று அவளிடம் சொல்ல அவள் ஊர்க்காரர்களுக்கு நானே ஆயுதம் கொடுத்திருக்கிறேன்.

அப்படியானால் எப்படித்தான் கண்டிப்பது? மழுப்பிப் பேசவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மழுப்பலும் காளைக்குத் துரோகம்தான். இன்ன ஊரில், இன்ன நாளில், இன்ன காரியம் நடக்கிறது. அதைச் செய்கிறவன் இவன். அதற்கு லைசென்ஸ் கொடுத்தது இந்த ஊர்ச் சபை. அதில் லாபம் பார்க்கிறவன் இவன். டிக்கெட் வாங்கிக் கைதட்டியவர்கள் இவர்கள். எதிர்த்து நிற்கிறவர்கள் இவர்கள் என்று சொல்லலாம். எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் சொல்லலாம். பொறுப்பு காரியத்தோடு ஒட்டிக்கொண்டு போகட்டும், பிறப்போடு வேண்டாம். இப்படிச் சொன்னால் குற்றம் குறைந்துவிடாது. உண்மையில் கூடும். ‘அந்த ஜனங்களே அப்படித்தான்’ என்றால் யாரும் எதுவும் செய்வதற்கில்லை என்று ஆகிவிடுகிறது. மழை பெய்வதைப்போல் அது இயற்கை! ‘இவன் இதைச் செய்தான்’ என்றால், அவன் அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. கண்டனத்துக்கே அப்போதுதான் அர்த்தம்.

இனி, கடிதத்தின் அடியில் இருந்த அந்த ஒரு வரி. “ஒரு சந்தேகம்: உங்கள் இன்ஜினீயரும் டிக்கெட் வாங்கித்தானே உள்ளே போனார்?” என்று கேட்டிருந்தார் வாசகி.

கதையை நான் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். இது என் கண்ணில் படவே இல்லை. காளைப்போர் அரங்கங்களில் வெளிநாட்டு யாத்ரிகர்கள் எத்தனையோ பேர் வந்து உட்காருகிறார்கள். அருவருப்போடு எழுந்து போனாலும் அவர்கள் கொடுத்த காசு திரும்பிப் போவதில்லை. அது அடுத்த காளைக்கு முன்பணம். என் தூத்துக்குடிக்காரன் அந்த மாலை அந்தக் காரியத்தில் பங்காளி. அட்டை பிடித்த பாட்டி பங்காளி அல்ல. நானோ அவனைக் கருணைக் கடலாக்கிவிட்டு, அவளைக் கொடியவர்களோடு சேர்த்துவிட்டேன்.

கதை புத்தகமாக வந்தபோது அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது இருப்பது இது: ‘வாசலுக்கு எதிரே ஒரு கிழவி அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் எழுதியிருந்ததை அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. சட்டைப் பையில் கை விட்டபோது டிக்கெட் துண்டு தட்டுப்பட்டது.’

வாசகிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பதில் வந்தது. கதை முழுவதையும் நிறுத்தாமல் பாட்டிக்குச் சொல்லியாகிவிட்டதாம். பாட்டிக்குச் சந்தோஷந்தானாம். ஆனாலும், அந்தப் பிள்ளை முதல் காளை செத்தபோதே ஏன் எழுந்துவிடவில்லை, மூன்றாவது காளைவரை ஏன் உட்கார்ந்திருந்தான் என்று கேட்கிறாராம்.

அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.